கல் தலை ஏன் பொம்மையாகத் தெரிகிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: 30 செ.மீ. சதுரப் பலகையில் ஒரு மினியேச்சர் காட்சி, காட்டுக்குள் ஒரு இடிபாடு, நடுவில் மண்ணில் பாதி புதைந்த கல் தலை, வெளியே தெரிகிற உயரம் 9 செ.மீ. தலையைக் காற்றில் காயும் களிமண்ணில் செய்தீர்கள், காய்ந்ததும் நெற்றியில் விரிசல் விட்டது. சாம்பல் நிறம் அடித்து, மேலே வெள்ளையில் ட்ரை பிரஷ் செய்து (பிரஷில் இருக்கும் பெயிண்டைத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் தேய்த்து), சுற்றிலும் காய்ந்த பாசியை ஒட்டினீர்கள். அப்படியும் மீன் தொட்டிக்குள் வைக்கிற பொம்மை மாதிரியே இருக்கிறது. எந்தக் களிமண், எந்தப் பெயிண்ட் வாங்கினால் சரியாகும் என்கிறீர்கள். களிமண்ணுக்கும் பெயிண்டுக்கும் பதில் கீழே வருகிறது. ஆனால் உங்கள் உண்மையான குறை, தலை பெரியதாகவும் தெரியவில்லை, பழையதாகவும் தெரியவில்லை என்பது. அந்த இரண்டையும் எந்த டப்பாவும் தராது. பெரியதாகத் தெரிவது ஸ்கேலால், அதாவது நிஜத்தை எத்தனை பங்கு சிறிதாக்குகிறோம் என்ற விகிதத்தால் வரும். பழையதாகத் தெரிவது, வேலை செய்யும் வரிசையால் வரும்.

முதலில் ஸ்கேல். உங்கள் கேள்வியில் எந்த ஸ்கேல் என்ற பேச்சே இல்லை, கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. 9 செ.மீ. தலை 1:35-இல் ஏறக்குறைய 3.15 மீட்டர், 1:72-இல் ஏறக்குறைய 6.5 மீட்டர். இரண்டும் வெவ்வேறு கட்டடங்கள். மெக்சிகோவின் ஓல்மெக் தலைகள் ஒரே பசால்ட் பாறையில் செதுக்கியவை, பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து மூன்று மீட்டர் உயரம் இருக்கும். அவற்றில் கல் இணைப்புக் கோடு கிடையாது. கம்போடியாவின் பாயோன் கோயில் முகங்கள் வேறு வகை. ஏழாம் ஜெயவர்மன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13-இன் தொடக்கத்திலும் எழுந்தவை. மணற்கற்களை அடுக்கி, அந்த அடுக்கின் மேல் முகத்தைச் செதுக்கினார்கள். அதனால் கன்னத்திலும் உதட்டிலும் மூக்கிலும் குறுக்கே கோடுகள் ஓடும். ஆகவே 1:35 என்றால் ஒரே பாறைத் தலையாகச் செய்யலாம், 1:72 என்றால் அடுக்கிய கல்லாகச் செய்வதுதான் நம்பும்படி இருக்கும். 30 செ.மீ. பலகைக்கு என் தேர்வு 1:72. இணைப்புக் கோடுகளே பார்ப்பவருக்கு அளவுகோலாகி, அந்தத் தலையைப் பெரிதாகக் காட்டிவிடும்.

1:72 என்று வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் கணக்கில் வந்துவிடும். 1.7 மீட்டர் மனிதர் 2.4 செ.மீ. 20 செ.மீ. உயரப் படி 2.8 மி.மீ. 40 செ.மீ. உயரக் கல் வரிசை 5.5 மி.மீ. 10 செ.மீ. நீள இலை 1.4 மி.மீ. இப்போது உங்கள் பாசியைப் பாருங்கள். ஒரு செ.மீ. உயரம் இருக்கிறது என்றால் அது அந்த உலகத்தில் 72 செ.மீ., இடுப்பளவுப் புதர். புதர் முளைத்த தலை எப்படி ஆறு மீட்டராகத் தெரியும்? கல்லின் மேல் படிகிற நிஜப் பாசி இரண்டு செ.மீ. தடிமன் என்றாலும் உங்கள் பலகையில் 0.3 மி.மீ.தான். அதாவது தூள். காய்ந்த பாசியைத் தூக்கிப் போட வேண்டாம், தரையில் புதராக வைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு மட்டும் மிக நுண்ணிய ஸ்பாஞ்சுத் தூள் அல்லது நிறம் கலந்த மரத்தூள்.

ஒரு மனித உருவமோ மூன்று படிகளோ வைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த அளவு ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் எவ்வளவு நுட்பமாகச் செதுக்கினாலும் தலை 9 செ.மீ. பொருளாகவே நிற்கும். எனக்கு உருவத்தைவிடப் படிகள் பிடிக்கும். மனிதரை வைத்தால் பார்வை தலையை விட்டுவிட்டு அவரிடம் போய்விடும்.

இனி வரிசை. இந்த இடம் நிஜமாக எப்படி உருவாகியிருக்கும்? கல்லை வெட்டினார்கள், அடுக்கினார்கள், செதுக்கினார்கள். பிறகு மழை அரித்தது, சில கற்கள் சரிந்தன, மண் வந்து சேர்ந்தது, விதை விழுந்து வேர் இறங்கியது, பாசி படிந்தது, கடைசியில் இலை உதிர்ந்தது. நீங்களும் இதே வரிசையில் வேலை செய்யுங்கள். பலரும் முதலில் தரையை முடித்துவிட்டு அதன் மேல் தலையை வைக்கிறார்கள். அப்படி வைத்த தலைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கோடு விழும், நேற்றுக் கொண்டுவந்து வைத்தது என்று அது காட்டிக்கொடுக்கும். எல்லாம் முடிந்த பிறகு சுற்றிலும் பாசியை வைத்து அந்தக் கோட்டை மறைப்பது, கோட்டுக்கு அடிக்கோடு போடுகிற வேலை.

தலைக்கு எந்தப் பொருள்? காற்றில் காயும் களிமண் தண்ணீரை இழக்கும்போது சுருங்கும், உள்ளே இருக்கும் கெட்டியான கரு சுருங்காது, அதனால் வெளித்தோல் கிழிகிறது. களிமண்ணின் தரம் காரணமல்ல. தடிமனை 4-5 மி.மீ.க்குள் வையுங்கள். ஃபோம் கருவின் மேல் வெள்ளைப் பசையைப் பூசி, முதல் 2-3 மி.மீ. அடுக்கைப் போட்டு முழுதாகக் காயவிட்டு, அதன் விரிசல்களை அதே களிமண்ணைத் தண்ணீரிலும் பசையிலும் குழைத்து அடைத்து, பிறகு இரண்டாவது மெல்லிய அடுக்கில் முகத்தைச் செதுக்குங்கள். பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடி இரண்டு மூன்று நாள் மெதுவாகக் காயட்டும். வெயிலும் மின்விசிறியும் வேண்டாம், மேல்தோல் மட்டும் முதலில் இறுகி உள்ளே ஈரம் நின்றால் விரிசல் நிச்சயம்.

பாலிமர் கிளே ஓவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண். அது சுருங்குவது மிகக் குறைவு, சுடும் வரை இறுகாது, நிதானமாக முகம் செய்ய ஏற்றது. ஆனால் அதன் கரு ஃபோமாக இருக்கக் கூடாது. ஃபோமின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும், பாலிமர் கிளேயோ பொதுவாக 110 முதல் 130 டிகிரி வரை கேட்கும். அலுமினியத் தாளை இறுக்கிக் கசக்கிக் கரு செய்து, அதன் மேல் 5-6 மி.மீ. கிளே போடுங்கள். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பதில் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதே முடிவு. ஓவனின் முள் காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். கருகினால் எரிச்சலூட்டும் புகை வரும். எபாக்ஸி புட்டி மூன்றாவது வழி. இரண்டு பாகங்களைப் பொதுவாகச் சமமாகப் பிசைந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கைக்கு இணங்கும், சுருங்காது, கல்லைப் போல இறுகும். கையுறை கட்டாயம். முழுத் தலைக்கும் இதைப் போட்டால் செலவு, மூக்கு, உதடு, இமை போன்ற இடங்களுக்குப் போட்டால் லாபம்.

1:72-இல் அடுக்கிய கல் தலைக்கு நான் சொல்வது இவை மூன்றும் அல்ல, எக்ஸ்.பி.எஸ். ஃபோம், அதாவது அடர்த்தியான பாலிஸ்டைரீன் பலகை. வெள்ளைத் தெர்மாகோல் மணிமணியாக உதிரும், அதில் முகம் வராது. எக்ஸ்.பி.எஸ். அடர்த்தியாகவும் மணியின்றியும் இருக்கும், கத்தியால் செதுக்கலாம், பென்சிலால் அழுத்தினாலே கோடு விழும். துண்டுகளை வெள்ளைப் பசையால் ஒட்டும்போது பொறுமை வேண்டும். இரண்டு பக்கமும் காற்றுப் போகாத பொருள் என்பதால் நடுவில் இருக்கும் பசை ஒரு நாளுக்கு மேலும் ஈரமாகவே கிடக்கும். பல்குச்சியைக் குத்தி நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். சூப்பர் குளூ, அசிட்டோன், கரைப்பான் கலந்த ஸ்ப்ரே பெயிண்ட் மூன்றும் இந்த ஃபோமைத் தின்றுவிடும். கத்தி அலகை அடிக்கடி உடைத்துப் புது முனை எடுங்கள். மழுங்கிய அலகு வெட்டாது, பிய்க்கும். சூடான கம்பியால் அறுப்பதானால் சன்னல் திறந்திருக்க வேண்டும், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

முகம் செதுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது ஆழம். இந்த அளவில் நிழல் தானாக விழாது, நீங்கள்தான் அதற்கு இடம் செய்து தர வேண்டும். இமைக்குக் கீழும் உதடுகளுக்கு நடுவிலும் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. வரை உள்ளே வெட்டுங்கள். பெயிண்ட் ஏற ஏற அது நிரம்பி ஒரு மி.மீ. ஆகிவிடும். கண்ணின் கோடு, புதைந்த பகுதியையும் சேர்த்த முழுத் தலையின் ஏறக்குறைய நடுவில் வர வேண்டும். பாதி புதைந்த தலையில் பலரும் வெளியே தெரிகிற பகுதிக்குள்ளேயே முழு முகத்தையும் அடைத்துவிடுகிறார்கள். உதடு வரை மண் இருந்தால் தாடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்று அர்த்தம், அதையும் கணக்கில் சேர்த்து வரைந்துகொள்ளுங்கள். முடிந்தால் தாடையையும் செய்துவிட்டுப் பிறகு புதையுங்கள்.

முகம் முடிந்த பின் கல் வரிசைகள். 5 முதல் 7 மி.மீ. இடைவெளியில் கிடைக் கோடுகளைக் கத்தி நுனியால் கீறி, கூரான பென்சிலால் லேசாக அகட்டுங்கள். தலையைச் சுற்றிலும் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேண்டும், அது கட்டுமானம், அலங்காரம் அல்ல. செங்குத்துக் கோடுகளை மட்டும் செங்கல் சுவர் மாதிரி ஒழுங்காகப் போடாதீர்கள். நீளக் கல், குட்டைக் கல், எங்கோ ஒரு சின்ன ஒட்டுக்கல் என்று கலந்து வரட்டும். ஓரிரு கற்களை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, அரை மி.மீ. முன்னே தள்ளியோ லேசாகச் சாய்த்தோ திரும்ப ஒட்டுங்கள். கன்னத்தில் ஓடும் வளைவு அந்த இடத்தில் உடைந்து, ஒரு படி விலகித் தொடரும். நூற்றாண்டுகள் நகர்ந்த கட்டடம் என்று சொல்ல இதைவிட மலிவான வழி கிடையாது.

சேதம் எங்கே விழும் என்பதில் பெரும்பாலும் சந்தேகமில்லை. முதலில் போவது நீட்டிக்கொண்டிருப்பவை: மூக்கு நுனி, காது விளிம்பு, தலைக்கவசத்தின் முனை. மழை நேராக அடிக்கும் மேல் பகுதி மழுங்கும், புருவத்துக்குக் கீழும் தாடைக்குக் கீழும் செதுக்கல் கூர்மையாகவே இருக்கும். முழு முகத்தையும் ஒரே அளவில் மழுங்கடித்தால் சோப்புக் கட்டியாகிவிடும். விரிசலிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சேறு காய்ந்தால் விரிசல்கள் மூன்று மூன்றாகச் சந்தித்துக் கட்டம் கட்டமாகப் பிரியும், களிமண்ணில் உங்களுக்கு வந்ததும் அதே வகைதான். கல் பெரும்பாலும் நேர்கோட்டில், சாய்வாக, ஒரே திசையில் பிளக்கும், அடுக்கிய கல்லில் விரிசல் இணைப்பைத் தேடிப் போய் நிற்கும். ஆகவே நெற்றி விரிசல் பழமையைக் காட்டாதா என்ற உங்கள் கேள்விக்கு, இல்லை, காய்ந்த சேற்றைத்தான் காட்டும் என்பதே பதில். அதை அடைத்துவிட்டு, நேரான பிளவு ஒன்றைக் கத்தியால் போடுங்கள்.

கல்லின் தோலுக்கு, அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி, அதன் முனைகள் பதியும்படி எல்லாத் திசையிலும் உருட்டி அழுத்துங்கள். ஒரே திசையில் உருட்டினால் ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழுவது கண்ணில் பட்டுவிடும். பிறகு வெள்ளைப் பசையும் கரும்பழுப்பு அக்ரிலிக் பெயிண்டும் சமமாகக் கலந்து, ஒரு சிட்டிகை சுவர் புட்டித் தூள் சேர்த்து, இரண்டு கோட்டிங். இது ஃபோமைக் கெட்டிப்படுத்தும், ஃபோமின் பிளாஸ்டிக் மினுமினுப்பையும் கொன்றுவிடும். பள்ளங்களில் தேங்கவிடாமல் பிரஷால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வெட்டிய இமை மூடிக்கொள்ளும்.

சரிந்த கற்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. சுவரிலிருந்து எத்தனை கல் போயிருக்கிறதோ கிட்டத்தட்ட அத்தனை கல் கீழே கிடக்க வேண்டும், அதே தடிமனில். காதுப் பக்கம் மூன்று கல் இல்லை என்றால், அதற்கு நேர் கீழே ஒன்று பாதி புதைந்தும், ஒன்று சரிவில் சற்றுத் தள்ளியும், ஒன்று இரண்டாக உடைந்தும் இருக்கட்டும். அவற்றில் ஒன்றில் செதுக்கலின் துண்டு, காதணியோ பூவேலையோ, இருந்தால் பார்ப்பவர் அது எங்கிருந்து விழுந்தது என்று தானே தேடுவார். ஆற்றங்கரைக் கூழாங்கல் வேண்டாம். உருண்ட கல் வெட்டுக்கல்லின் உடைசலாக ஒருபோதும் தெரியாது.

அடிப்பலகைக்கு 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட். மெல்லிய எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மேல் ஈரப் பசையும் பிளாஸ்டரும் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிப் பலகை வளைந்துவிடும். எதுவானாலும் இரு பக்கத்திலும் ஓரங்களிலும் வார்னிஷ் பூசியிருக்க வேண்டும். நிலத்தைச் சமதளமாக விடாதீர்கள். பின்பக்கம் 5-6 செ.மீ. உயரும் சரிவாக ஃபோமில் அடுக்கி, தலைக்குப் பலகை வரை ஒரு குழி வெட்டி, அதில் தலையை 10 முதல் 15 டிகிரி சாய்த்து இறக்குங்கள். தலையைப் பலகையின் நடுவில் வைப்பதும், முகத்தை நேரே முன்னால் திருப்புவதும் எனக்கு ஒப்பவில்லை. மூன்றில் ஒரு பங்கு ஓரம் தள்ளி, முகம் காலி இடத்தைப் பார்க்கட்டும். சரிவின் மேல்பக்கம் மண் வந்து முட்டிக் குவியும், கீழ்ப்பக்கம் மழைநீர் ஓடி அரித்த பள்ளம் இருக்கும். இரு பக்கமும் ஒரே உயரத்தில் மண் நின்றால் தலை புதைந்ததாகத் தெரியாது, நட்டதாகத் தெரியும்.

மண்ணுக்கு நிஜ மண்ணே சிறந்தது. டீ வடிகட்டியில் சலித்து, ஓவனில் 110 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். பூச்சி முட்டையும் பூஞ்சையும் பெருமளவு ஒழியும். ஃபோமின் மேல் டிஷ்யூ தாளைப் பசையில் ஊறவைத்துப் போர்த்தி, பழுப்பு அடித்து, ஈரமாக இருக்கும்போதே மண்ணைத் தூவி, அதன் மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய தூறலாகத் தெளித்து நனையுங்கள். பிறகு வெள்ளைப் பசையும் தண்ணீரும் சமமாகக் கலந்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். முன்கூட்டி நனைக்காமல் பசையை ஊற்றினால் மண் உருண்டு பந்தாகிவிடும். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் சூடான கம்பியோ அடுப்போ இருக்கக் கூடாது.

தலைக்குப் பெயிண்ட் அடிப்பது மண் போட்ட பிறகா, முன்பா என்று கேட்டால், அடிப்படை நிறங்கள் முன்பு, கறைகள் பிறகு. கரும்பழுப்பு அடிப்பூச்சின் மேல், ஒரே சாம்பல் அல்லாமல் மூன்று நிறங்களைத் தயார் செய்யுங்கள்: பழுப்புச் சாம்பல், பச்சைச் சாம்பல், மங்கிய மஞ்சள் பழுப்பு. பிய்த்த ஸ்பாஞ்சில் தொட்டு, பெரும்பகுதியைத் தாளில் துடைத்துவிட்டு, ஒற்றி ஒற்றிப் போடுங்கள். பிறகு ஐந்தில் ஒரு கல்லுக்கு மட்டும் தனி நிறம், ஒன்று சற்று சிவந்து, ஒன்று சற்று வெளுத்து. ஒரே சுரங்கத்துக் கல்லும் ஒரே நிறத்தில் வராது. அடுத்தது வாஷ், அதாவது பள்ளங்களில் இறங்கும் நீர்த்த பெயிண்ட். கரும்பழுப்பு ஒரு பங்கு, தண்ணீர் எட்டு முதல் பத்துப் பங்கு, அதே இரண்டு சொட்டுத் திரவம். முழுதும் பூசாமல் இணைப்புகளிலும் செதுக்கல்களிலும் விடுங்கள். ட்ரை பிரஷ் கடைசியில், விளிம்புகளில் மட்டும், வெள்ளையில் அல்லாமல் அடிநிறத்தைவிட ஒரு படி வெளுத்த நிறத்தில். நீங்கள் வெள்ளையில் முழு முகத்தையும் தேய்த்ததுதான் சுண்ணாம்பு பூசிய தோற்றத்துக்குக் காரணம்.

கறைகள்தான் இந்த வேலையின் இதயம், இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எந்த வழியாக இறங்கும் என்று ஒவ்வொரு இடத்திலும் யோசியுங்கள். தலை உச்சியில் விழும் மழை புருவத்தில் வந்து நின்று, கண்ணின் வெளி ஓரத்திலும் மூக்கின் இரு பக்கமும் வழிந்து, மேல் உதட்டில் தேங்கி, வாயோரத்தில் இறங்கும். அந்த வழிகளில் நீர்த்த கறுப்புப் பச்சையை மெல்லிய பிரஷால் மேலிருந்து கீழே இழுத்து, கீழ் முனையை ஈரமான பிரஷால் கரைத்துவிடுங்கள். தலை சாய்ந்திருந்தாலும் கறை சாயக் கூடாது, தண்ணீர் பூமியைப் பார்த்துத்தான் ஓடும். கறை முகத்தோடு சேர்ந்து சாய்ந்திருந்தால், நேராக நின்ற பொம்மையைப் பிறகு சாய்த்துவைத்தது என்று கண் உடனே கண்டுகொள்ளும். தலை சமீபத்தில்தான் சாய்ந்தது என்று காட்ட விரும்பினால் மட்டும், மங்கிய பழைய கறை ஒரு கோணத்திலும் புதிய கறை நேராகவும் வரலாம். கல்லில் ஒட்டிப் படரும் லைக்கன் படலத்துக்கு வெளிறிய பச்சைச் சாம்பலில் ஒழுங்கற்ற வட்டப் பொட்டுகள், வெளிச்சம் படும் பக்கத்தில் கூட்டமாக, மற்ற பக்கம் அங்கொன்று இங்கொன்று.

பாசி வடக்குப் பக்கம்தான் வளரும் என்று சொல்வார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். பாசிக்கு வேண்டியது ஈரமும் நிழலும். வட அரைக்கோளத்தின் திறந்த இடங்களில் வடக்குப் பக்கம் நிழலாக இருப்பதால் அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும், அடர்ந்த காட்டுக்குள் எல்லாப் பக்கமும் நிழல்தான். ஆகவே திசையை விட்டுவிட்டுத் தண்ணீர் தங்கும் இடத்தைப் பாருங்கள்: உச்சி, புருவத்தின் மேல்தட்டு, கீழ் உதட்டின் மேல், இணைப்புகள், மண்ணைத் தொடும் இரண்டு செ.மீ. பசையை நீர்க்கவைத்து அந்த இடங்களில் மட்டும் தொட்டு, முதலில் கரும்பச்சைத் தூள், காய்ந்ததும் அதன் நடுவில் மட்டும் சற்று மஞ்சள் பச்சை. ஒரே பச்சையில் போட்டால் கம்பளம் ஆகும்.

வேர்கள் காட்சிக்கு மிகவும் கைகொடுப்பவை, தவறாகச் செய்ய எளிதானவையும்கூட. 1186-இல் எழுந்த தா ப்ரோம் கோயிலின் படங்களைப் பாருங்கள், அங்கே சுவரைப் பிடித்த அத்தி இனத்து மரங்களின் வேர்கள் தரையிலிருந்து ஏறவில்லை. பறவையால் வந்த விதை மேலே கல் இடுக்கில் முளைத்து, வேர் மேலிருந்து கீழே தேடி வருகிறது. வழியில் இணைப்புகளுக்குள் நுழைகிறது, ஒன்றோடொன்று தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது, மண்ணைத் தொட்டதும் பருக்கிறது. 0.5 மி.மீ. செப்புக் கம்பி ஏழெட்டு இழைகளை மேலே முறுக்கி, கீழே போகப் போக இரண்டு இரண்டாகப் பிரித்து, தலையின் மேல் வைத்து வளைத்து வடிவம் எடுங்கள். கல்லுக்கும் வேருக்கும் இடையே வெளிச்சம் தெரியக் கூடாது. பசையில் நனைத்த டிஷ்யூ தாளை நீளவாக்கில் சுற்றி, அல்லது எபாக்ஸி புட்டியை மெல்ல இழுத்துக் கம்பியின் முறுக்கை மறையுங்கள். நிறம் பழுப்பு அல்ல, வெளிறிய சாம்பல், பள்ளங்களில் மட்டும் பழுப்பு. முழு மரத்தை வைக்க ஆசைப்படாதீர்கள். 30 மீட்டர் மரம் 1:72-இல் 42 செ.மீ. ஆகும், பலகையைவிட உயரம். இரண்டு செ.மீ. தடிமனுள்ள அடிமரத்தை 15 செ.மீ. உயரத்தில் மேலே வெட்டிவிட்டால், மரம் சட்டத்துக்கு வெளியே போகிறது என்று கண் ஏற்றுக்கொள்ளும். குட்டையாக ஒரு முழு மரம் வைத்தால் தலை உடனே சுருங்கிவிடும்.

தரைக்குப் புல் வேண்டாம். அடர்ந்த மரநிழலில் புல்வெளி கிடையாது, உதிர்ந்த இலைதான். காய்ந்த இலைகளை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, சலித்து, ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. துண்டுகளை மட்டும் எடுங்கள். தூள் மண்ணுக்கு, பெரிய துண்டு குப்பைக்கு. தட்டையான இடங்களிலும் கல்லின் பின்புறத்திலும் காற்று ஒதுக்கியது போல் குவித்து, கீழ் உதட்டின் மேலும் இரண்டு மூன்று விடுங்கள். கொடிகளுக்குத் தையல் நூலைப் பசையில் நனைத்து, தொங்கவிட்டுக் காயவைத்து, தூளில் புரட்டுங்கள்.

சின்னத் தண்ணீர்க் குட்டை வேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள். வைக்கலாம், ஆனால் எல்லாவற்றிலும் அதிகம் கெடுவது அதுதான். தண்ணீராகக் காட்ட ஊற்றும் ரெசின், இரண்டு பாகத் திரவப் பிளாஸ்டிக், இறுகும்போது சூடாகும், தடிமனாக ஊற்றினால் அடியில் இருக்கும் ஃபோமே இளகும். 2-3 மி.மீ. அடுக்குகளாக ஊற்றுங்கள். கலவை விகிதமும் ஒரு அடுக்கின் உச்சத் தடிமனும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எடையில் சொன்னால் எடையிலும் கொள்ளளவில் சொன்னால் கொள்ளளவிலும் அளக்க வேண்டும், கண் மதிப்பு உதவாது. குழியை முன்கூட்டியே இரண்டு கோட்டிங் பசையால் அடைக்காவிட்டால் ரெசின் ஊசித் துளை வழியாகவும் கசிந்து மேசைக்கு வந்துவிடும், மண்ணிலிருந்து காற்றுக் குமிழிகளும் ஏறிக்கொண்டே இருக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள், சன்னல் திறந்திருக்கட்டும்.

இடையிடையே போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், பலகையின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி. நிறம் போனதும் தலையும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் தலைக்குப் பின்னால் இருக்கும் செடிகளை இருட்டுங்கள், தலையை வெளுக்காதீர்கள்.

கடைசியில் பளபளக்காத மேட் வார்னிஷ். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடும் ஆபத்து உண்டு, உலர்ந்த நாளாகப் பார்த்து, துணுக்கு ஒன்றில் சோதித்த பிறகு அடியுங்கள். இந்த நேரத்தில் ஃபோம் எங்கேயும் திறந்திருக்கக் கூடாது, ஸ்ப்ரே அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தின்னும். அது காய்ந்த பிறகு கண்ணோரக் கறைகளில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு இழை இழுத்தால் ஈரம் தெரியும். மூடி போடுவதானால் அவசரம் வேண்டாம். சூப்பர் குளூ ஆவி தெளிந்த அக்ரிலிக்கில் வெள்ளைப் படலமாகப் படியும், மண்ணுக்குள் பசையின் ஈரம் இருந்தால் மூடிய பெட்டிக்குள் பூஞ்சை வரும். குறைந்தது ஒரு வாரம் திறந்தே காயட்டும், அடிப்பலகையில் காற்றுப் போக இரண்டு சின்னத் துளைகளும் இருக்கட்டும். பதப்படுத்தாத காய்ந்த பாசி நாளடைவில் பழுப்பாகும். எவ்வளவு நாளில் என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. நேர் வெயிலில் வைத்தால் சீக்கிரம், நிழலில் தாமதம். இப்போதே மெல்லிய அக்ரிலிக் பச்சை ஒரு தூறல் கொடுத்துவிட்டால் உள்ளே நிறம் போனாலும் வெளியே நிற்கும்.